கிம்ப் போதுமா?

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று இரண்டு நாளாக மனதை விட்டுப் போகவில்லை. நேயர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "வலைத்தள வடிவமைப்பு கற்றுக்கொண்டிருக்கிறேன். ஃபோட்டோஷாப்புக்கு மாதாமாதம் சந்தா கட்ட வசதி இல்லை. கிம்ப் போதுமா, இல்லை வேறு ஏதாவது வாங்க வேண்டுமா?"

போதும். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஃபோட்டோஷாப் போலப் படம் திருத்தும் மென்பொருளான கிம்ப் 1996இலிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. அதில் சிஎம்ஒய்கே, அதாவது அச்சு மைகளின் நிற முறை, அந்த வசதி குறைவு என்பார்கள். அது அச்சு வேலைக்கு வேண்டியது. திரைக்குச் சிவப்பு, பச்சை, நீலம் கலக்கும் ஆர்ஜிபிதான், ஆகவே அந்தக் குறை உங்கள் வழியில் குறுக்கிடாது. ஃபில்டர் போட்டபின் திருத்த முடியாது என்ற பழைய குறையும் 2025இல் வந்த 3.0 பதிப்பில் தீர்ந்தது. வாடிக்கையாளர் ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்டி கோப்பு அனுப்பினால் ஃபோட்டோபீ தளத்தில், பிரவுசரிலேயே திறக்கலாம். லோகோ வரைய இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருள். காசு செலவழிக்காமலே வேலையைத் தொடங்கிவிடலாம்.

சரி, இனி நான் எப்போதும் சொல்வது. பழைய பதிவுகளைப் பார்த்தவர்களுக்கு மனப்பாடமே ஆகியிருக்கும். படம் பக்கத்தில் எத்தனை பிக்சல் அகலத்தில் நிற்கப்போகிறது? அதை அளந்துவிட்டுத்தான் மென்பொருளைத் திறக்க வேண்டும்.

ஒரு மாணவி தன் தளம் மொபைலில் திறக்க நேரமாகிறது என்று காட்டினார். படங்களில் நிறம், வெளிச்சம் எல்லாம் அவ்வளவு அழகு. கட்டுரை நடுவில் 800 பிக்சல் அகலத்தில் ஒரு படம். அதைத் தனியாகத் திறந்தால் 4000க்கு 3000! கேமராவிலிருந்து வந்த அளவு அப்படியே இருக்கிறது. 800க்கு 600 என்றால் 4 லட்சத்து 80 ஆயிரம் பிக்சல். இவர் வைத்திருந்தது 1 கோடியே 20 லட்சம், அதாவது 25 மடங்கு. படிக்க வந்தவர் தன் டேட்டாவைச் செலவழித்து அத்தனையும் இறக்க வேண்டும், பிரவுசர் அதைச் சுருக்கிக் காட்ட வேண்டும். பிக்சல் நெருக்கமான திரைகளுக்காக 1600க்கு 1200 வைத்தால்கூட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான். கிம்ப்பில் இமேஜ் மெனு, ஸ்கேல் இமேஜ், அகலம் 1600, அவ்வளவுதான் வேலை. அங்கே ரெசல்யூஷன் கட்டத்தில் 72ஆ 300ஆ என்று குழம்பாதீர்கள். அது தாளில் அச்சிடும்போது பார்க்க வேண்டிய கணக்கு.

அதே தளத்தில் லோகோவும் ஜேபெக் கோப்பு. நான்கு மடங்கு பெரிதாக்கிக் காட்டினேன்: எழுத்துகளின் ஓரமெல்லாம் சாம்பல் தூவியதுபோல் இருந்தது. ஜேபெக் படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. வானம், முகம் என்று நிறம் மெல்ல மாறும் இடத்தில் அது கண்ணுக்குத் தெரியாது. வெள்ளையில் கறுப்பு எழுத்து சட்டென்று முடிகிற ஓரத்தில் தெரிந்துவிடும். எத்தனை விலை கொடுத்து வாங்கிய மென்பொருளில் சேமித்தாலும் ஜேபெக் அப்படித்தான். இங்க்ஸ்கேப்பில் மறுபடி வரைந்து எஸ்விஜியாக, அதாவது புள்ளிகளுக்குப் பதில் கோடுகளாகச் சேமிக்கும் கோப்பாகப் போட்டோம். எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரம் கத்தி போல நிற்கிறது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

கிம்ப்புக்குப் புதிதாக வருகிறவர்கள் ஓரிடத்தில் சலித்துக்கொள்வார்கள். சேவ் கொடுத்தால் கிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் கோப்புதான் வரும். ஜேபெக், பிஎன்ஜி, வெப்பி வேண்டுமென்றால் எக்ஸ்போர்ட் கொடுக்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு அது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய லேயர்களோடு மூலக்கோப்பு உங்களிடம் பத்திரமாக இருக்கும், தளத்துக்குப் போவது அளந்து எடுத்த பிரதி. ஜேபெக் தரத்தை 80இல் வைத்து, மூலத்தையும் பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் தெரியவில்லையா, 70க்கு இறக்கிப் பாருங்கள். கண்ணுக்கு உறுத்துகிற இடத்துக்கு ஒரு படி மேலே நிறுத்துங்கள்.

கேள்வி கேட்ட நேயர் தன் பக்கத்தில் இருப்பதிலேயே பெரிய படத்தின் அகலத்தையும் கோப்பின் எடையையும் எழுதி அனுப்பட்டும். அடுத்த பதிவை அந்த இரண்டு எண்களிலிருந்தே தொடங்குகிறேன்.