மலையிலிருந்து இறங்கி நெல்லைக்கு

நேயர்களுக்கு வணக்கம். இருபத்தெட்டு வருஷமாக வாடகைக் கார் ஓட்டுகிறேன். லீவு வந்துவிட்டால் நம் நெல்லைச் சீமையிலிருந்து கொடைக்கானலுக்குச் சொந்தக் காரில் கிளம்பும் குடும்பங்கள் நிறைய. 2024 மே மாதத்திலிருந்து மேலே போக இ-பாஸ் வேண்டும், அதை எல்லாரும் ஞாபகமாக எடுத்துவிடுகிறார்கள். மலை ஏறுவது எப்படி என்றும் என்னிடம் கேட்கிறார்கள். திரும்பி வருவதைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. எனக்குக் கவலையே அந்தத் திரும்பும் நாள்தான்.

கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். அங்கிருந்து வத்தலக்குண்டு, நிலக்கோட்டை, கொடை ரோடு என்று இறங்கி, நாலுவழிச் சாலையில் மதுரையைச் சுற்றி, விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி தாண்டி ஊர் வர ஏறக்குறைய 270 கிலோமீட்டர்.

காலை ஆறரைக்கெல்லாம் புறப்பட்டுவிடுங்கள். நேரமாக ஆக, கீழேயிருந்து வண்டிகள் வரிசையாக ஏறி வரும். குறுகலான இடத்தில் ஏறுகிற வண்டிக்குத்தான் வழி. இறங்குகிறவர் நின்று கொடுக்க வேண்டும். அது சட்டமும்கூட.

எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்று எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர் சொல்வார். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். இப்போதைய வண்டிகளில் கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே இன்ஜினுக்குப் பெட்ரோல் போவது நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் ஓடுவதற்கு எண்ணெய் குடிக்கும். மிச்சமும் இல்லை, வண்டியும் கைக்கு அடங்காது.

ஒருநாள் ஒரு வளைவில் ஒரு கார் நின்றது. முன்சக்கரத்திலிருந்து புகை. பிரேக் கருகிய வாடை எனக்குக் கண்ணாடியை இறக்கும் முன்பே வந்துவிட்டது. ஓட்டி வந்த தம்பி தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டு சக்கரத்தை நோக்கிப் போகிறார். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். கொதிக்கிற டிஸ்க்கில் பச்சைத் தண்ணீர் பட்டால் அது கோணிப்போகும். பிரேக் பெடலை மிதித்துப் பார்த்தேன், பஞ்சுமாதிரி உள்ளே போனது. பிரேக் ஆயில் நாளாக நாளாக ஈரத்தை இழுக்கும். ஈரம் சேர்ந்த ஆயில் சூட்டில் சீக்கிரம் கொதித்து ஆவியாகிவிடும், அப்புறம் மிதிக்கிற அழுத்தம் சக்கரத்துக்குப் போய்ச் சேராது. அரைமணி நேரம் ஆறவிட்டு, இரண்டாவது கியரில் எனக்குப் பின்னாலேயே வரச் சொன்னேன். போன வருஷமா, அதற்கு முந்தின வருஷமா, ஆயில் எப்போது மாற்றினோம் என்றே அவருக்குத் தெரியவில்லை. பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே இதைப் பார்த்துவிட வேண்டும்.

வத்தலக்குண்டு வந்ததும் நில்லுங்கள். சாப்பிடுங்கள், வண்டியும் ஆறட்டும். டயர் சூடாக இருக்கும்போது காற்று கூடுதலாகத்தான் காட்டும். அதைப் பார்த்து இறக்கிவிடாதீர்கள்.

இனிமேல்தான் நான் பயப்படும் இடம். மலையில் வளைவுக்கு வளைவு கண் விழித்திருக்கும். அந்த அலுப்பெல்லாம் நேர்சாலையில் வந்துதான் இறங்கும். சில வருஷம் முன் விருதுநகரில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு எடுத்தேன். மணி இரண்டு. சாத்தூர் தாண்டி இருபுறமும் கரிசல், வெயில், வளைவே இல்லாத சாலை. கண் திறந்துதான் இருந்தது, ஆனால் நான் ஓட்டவில்லை. பின்சீட்டிலிருந்த ஆச்சி “எய்யா!” என்று சத்தம் போட்டார். ஓரத்தில் நின்ற லாரியின் பின்பலகையில் இருந்த எழுத்து ஒவ்வொன்றும் எனக்குத் தெரிந்தது. அவ்வளவு பக்கம். அந்த ஆச்சியை இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

அதனால் என் கணக்கு இதுதான்: மதியச் சாப்பாட்டைத் தள்ளிவையுங்கள், வீட்டுக்கு வந்து சாப்பிடலாம். வழியில் கொட்டாவி இரண்டாவது முறை வந்தால் பெட்ரோல் பங்க்கிலோ கடை வாசலிலோ ஒதுக்குங்கள். சாலை ஓரத்தில் வேண்டாம். ஒரு காபி குடித்துவிட்டு உடனே இருபது நிமிஷம் படுங்கள். காபி வேலை செய்யத் தொடங்குகிற நேரத்தில் எழுந்துவிடுவீர்கள். பாட்டை உரக்க வைப்பதும் கண்ணாடியை இறக்குவதும் தூக்கத்தை நிறுத்தாது. வண்டி நின்றுபோனால் 1033-க்குக் கூப்பிடுங்கள், நெடுஞ்சாலை உதவிக்கான எண் அது.

ஆனி, ஆடியில் வருகிறவர்களுக்குக் கயத்தாறு பக்கம் இன்னொன்று. காற்றாலைகள் தெரிய ஆரம்பித்தால் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடியுங்கள். மேற்கே மலைக் கணவாயிலிருந்து வரும் காற்று வலப்பக்கம் அடிக்கும். பெரிய பஸ் நம்மைத் தாண்டும்போது அது ஒரு நொடி மறையும், பஸ் போனதும் மறுபடி ஓங்கி அறையும். அந்த அறைக்கு வண்டி இடப்பக்கம் நகரும்.

அடுத்து கங்கைகொண்டான். அங்கே புள்ளிமான் சரணாலயம் இருக்கிறது. நேரமாகி அந்தி சாய வந்தீர்களென்றால் வேகத்தைக் குறையுங்கள். ஒரு மான் குறுக்கே போனால் அதன் பின்னாலேயே இன்னொன்று வரும். தாழையூத்து வந்துவிட்டால் வீட்டுக்குப் போன் போட்டு உலை வைக்கச் சொல்லலாம். ஓட்டுகிறவர் வேண்டாம், பக்கத்தில் இருப்பவர் போடட்டும்.