ஞாபகத்தில் இருக்கிற பாட்டும் கேசட்டில் இருக்கிற பாட்டும்

வணக்கம். சொந்தமாகப் பாட்டுக் கட்டிப் பாடுகிறவர்கள், சின்ன வயதில் கேட்ட நாலைந்து பாட்டை எடுத்துப் புதிதாகப் பதிவு செய்யலாம் என்று இறங்கும்போது, எந்த மைக் வாங்கலாம் என்பதுதான் முதல் கேள்வியாக வருகிறது. அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. முதல் சிக்கல், அந்தப் பாட்டு உங்களுக்கு மனப்பாடம் என்பதே. மனப்பாடமான பாட்டை யாரும் சரிபார்ப்பதில்லை.

அதனால் மூலப் பதிவைத் திரும்பக் கேட்பதற்கு முன்பே ஒரு காரியம் செய்துவிடுங்கள். கருவி எதுவும் இல்லாமல், போனில், முதலிலிருந்து கடைசிவரை பாடிப் பதிந்து வையுங்கள். வரி மறந்தால் 'னன்னா' போட்டு நிரப்புங்கள், நிறுத்தாதீர்கள். மூலத்தை ஒருமுறை கேட்டுவிட்டால் இந்தப் பதிவு பிறகு கிடைக்கவே கிடைக்காது.

அதற்குப் பின் இரண்டையும் வைத்து ஒப்பிடுங்கள். புரியாத சொல்லுக்குப் பதில் புரிந்த சொல் ஒன்றை அந்த வயதில் போட்டுக்கொண்டிருப்போம். அவற்றை ஒன்று விடாமல் திருத்த வேண்டும், ஏனென்றால் வரிகள் இன்னொருவர் எழுதியவை. ஆனால் எந்த இடங்களைத் தயங்காமல் பாடினீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அவைதான் பாட்டின் எலும்பு. இத்தனை வருஷம் கழித்தும் மனதில் நின்றது அவ்வளவுதான் என்றால், உங்கள் பதிவில் கிட்டாரும் குரலும் தாங்க வேண்டியதும் அவ்வளவுதான்.

அடுத்து சுருதி. கேசட் வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். வீட்டு டேப் ரிக்கார்டர்கள் அப்படித் துல்லியமாக ஓடியதில்லை. 6 சதவீதம் வேகம் கூடினால் பாட்டு கிட்டத்தட்ட ஓர் அரைச்சுரம் ஏறிவிடும், பியானோவில் அடுத்த கட்டைக்குப் போய்விடும். 3 சதவீதம் என்றால் இரண்டு கட்டைக்கும் நடுவில் தொங்கும். பேட்டரி இறங்கினால் இதற்கு நேர்மாறு. ஒரு டேப்பிலிருந்து இன்னொன்றுக்குப் பிரதி எடுத்தபோது இந்தப் பிழைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறின. நீங்கள் கேட்டு வளர்ந்த பாட்டு, பதிவான பாட்டைவிட உயரமாகவும் வேகமாகவும் இருந்திருக்கலாம். இன்று கிடைக்கும் கோப்பைப் போட்டால் 'என்னமோ சோர்வாக இருக்கிறதே' என்று தோன்றுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பழைய பதிவு உங்கள் ட்யூனருக்கு ஒத்துவரவில்லை என்றால் கிட்டாரை அதற்கேற்ப முறுக்க வேண்டாம். மென்பொருளில் அந்தப் பதிவின் வேகத்தைக் கொஞ்சம் மாற்றி, ட்யூனர் அடிப்படையாக வைத்திருக்கும் 440 ஹெர்ட்ஸ் சுருதிக்குக் கொண்டுவந்துவிட்டு, பிறகு கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுகளை) எழுதுங்கள். ஸ்டீரியோ பதிவாக இருந்தால் ஒரு பக்கத்தின் ஒலியலையை மென்பொருளில் தலைகீழாக்கி ('இன்வர்ட்' செய்து) மற்றதோடு சேர்த்துக் கேளுங்கள். நடுவில் வைத்த குரல் பெரும்பாலும் மறைந்து, ஓரத்து வாத்தியங்கள் வெளியே வரும். அடிச்சுரம் வாசிக்கும் பேஸ் கிட்டாரும் குரலோடு சேர்ந்து போய்விடும் என்பதால் அதை முன்னாலேயே எழுதி வைத்துவிடுங்கள். மோனோ பதிவில் இந்த வித்தை பலிக்காது.

எந்தச் சுருதியில் பாடுவது? சிறுவனாகப் பாடிய சுருதி இன்று உதவாது, ஏனென்றால் ஆண் குரல் உடையும்போது ஏறக்குறைய ஒரு ஸ்தாயி இறங்கிவிடுகிறது. 'அப்படியே ஒரு ஸ்தாயி கீழே பாடிவிடலாம்' என்பதுதான் வழக்கமான தவறு. பாட்டின் வீச்சு ஒன்றேகால் ஸ்தாயி என்று வைத்துக்கொள்ளுங்கள். மூலச் சுருதியிலேயே பாடினால் உச்சியில் தொண்டை கிழியும். ஒரு ஸ்தாயி இறக்கினால் அடிச்சுரங்கள் கிட்டாருக்குள் மூழ்கிவிடும். பெரும்பாலும் 3 முதல் 5 அரைச்சுரம் இறக்கினாலே போதும். உச்சிச் சுரம் வரும் வரியை, தொண்டை களைத்த மாலை நேரத்தில் பத்து முறை தொடர்ந்து பாடிப் பாருங்கள். பத்தாவது முறையும் சுருதி நிற்கிற இடம்தான் உங்கள் கட்டை.

'டி' (D) சுருதியிலிருந்த பாட்டை 'பி' (B) சுருதிக்கு இறக்க வேண்டுமானால், 'ஏ' (A) கார்டு வடிவங்களுக்கு இரண்டாவது ஃபிரெட்டில் கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போடலாம், 'ஜி' (G) வடிவங்களுக்கு நான்காவதில் போடலாம். சுருதி ஒன்றேதான், ஒலி வேறு. இரண்டையும் பதிந்து கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

இப்போது வேகம். கவர் (இன்னொருவர் பாட்டை நாம் பாடிப் பதிவது) என்றாலே பாட்டைப் பாதி வேகத்துக்கு இழுத்து சோகமாக்குவது ஒரு நோயாகப் பரவியிருக்கிறது. மூச்சுக் கணக்கைப் பாருங்கள். 16 அடி கொண்ட ஒரு வரி, நிமிஷத்துக்கு 90 அடி வேகத்தில் ஏறத்தாழ 10.7 வினாடி எடுக்கும். 60க்கு இறக்கினால் அதே வரிக்கு 16 வினாடி. எங்கேயாவது மூச்சு வாங்கியாக வேண்டும், அது சொல்லுக்கு நடுவே விழுந்து அர்த்தத்தை உடைக்கும். இறக்கத்தான் வேண்டும் என்றால் எட்டுப் பத்து அடி இறக்குங்கள், மூச்சு வாங்கும் இடத்தைத் தாளில் குறித்துவிட்டுப் பாடுங்கள். பழைய பதிவுகள் பல கிளிக் (ஹெட்போனில் தட்டும் தாள ஒலி) இல்லாமல் வாசிக்கப்பட்டவை. பல்லவி 96ல் தொடங்கிக் கடைசியில் 102ல் முடியலாம். அந்த ஏற்றத்தில்தான் பாட்டின் துடிப்பே இருக்கும். ஆகவே கிளிக்கை ஒரே எண்ணில் ஆணியடிக்காமல், கடைசிச் சரணத்துக்கு ஓரிரண்டு அடி கூட்டி வையுங்கள்.

இடையிசைதான் ஏற்பாட்டில் மிகவும் திணறவைக்கும். புல்லாங்குழலும் வயலினும் வாசித்த பதினாறு அளவு (தாளச் சுற்று) இடையிசையை ஒற்றைக் கிட்டாரில் வெறும் கார்டாக அடித்துத் தள்ளினால் கேட்பவர் கை அடுத்த பாட்டுக்குப் போய்விடும். முழுவதும் வெட்டினால் சரணம் முந்திரிக்கொட்டையாக வந்து விழும். முன்பகுதியைச் சுருக்கி, சரணத்துக்கு இட்டுச்செல்லும் கடைசி நான்கு அளவை மட்டும் காப்பாற்றுங்கள். அதை முணுமுணுப்பாகக்கூடப் பாடலாம், குழந்தைகள் அதைத்தான் செய்வார்கள். வெட்டும்போது அளவுகளை எண்ணுங்கள். நான்குக்குப் பதில் மூன்றோ ஐந்தோ வருகிற இடங்கள் பழைய பாட்டுகளில் உண்டு. ஞாபகம் அவற்றை நான்காகச் சரிசெய்து வைத்திருக்கும்.

பதிவு. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். குரலின் உச்சம் மைனஸ் 12க்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் நடுவே இருக்கட்டும். வாய்க்கும் மைக்குக்கும் 15 முதல் 20 சென்டிமீட்டர், நடுவில் வாய்க்காற்றின் அடியைத் தடுக்கும் பாப் ஃபில்டர். ஒட்டி நின்றால் அடிக்குரல் ஊதிப்போகும். கனமான போர்வையை மைக்குக்குப் பின்னால் தொங்கவிடுகிறார்கள். பாடுகிறவர் முதுகுக்குப் பின்னாலும் ஒன்று தொங்க வேண்டும், ஏனென்றால் முன்பக்க ஒலியையே அதிகம் வாங்கும் கார்டியாய்டு மைக் உங்களைத் தாண்டி அந்தச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது.

கிட்டாருக்கு மைக்கை 12வது ஃபிரெட்டுக்கு நேரே 20, 30 சென்டிமீட்டரில் வையுங்கள். துளைக்கு நேரே வைத்தால் 100 ஹெர்ட்ஸ் பக்கம் 'பொம்' என்று அடைக்கும், பிறகு எந்த ஈக்வலைசரும் அதை முழுதாகக் கழுவாது. இடமும் வலமும் கிட்டார் வேண்டுமென்றால் இரண்டு முறை வாசியுங்கள். ஒரே தடத்தைப் பிரதி எடுத்துச் சில மில்லிவினாடி தள்ளி வைத்தால் ஹெட்போனில் அகலமாகக் கேட்கும், ஒற்றை ஸ்பீக்கரில் தகர டப்பா ஒலி வரும்.

உங்கள் குரல் உங்களுக்கே தாமதமாகக் கேட்டால் தாளம் பின்னால் சாயும். கணினி ஒலியைச் சேர்த்து வைத்து அனுப்பும் இடம்தான் பஃபர்; 48 கிலோஹெர்ட்ஸில் 512 சாம்பிள் பஃபர் என்றாலே போகும்போது மட்டும் 10.7 மில்லிவினாடி, திரும்பி வருவது தனி. 128க்கு இறக்குங்கள், அல்லது மைக்கைக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸிலேயே நேரடியாகக் கேளுங்கள். கடைசிக் கார்டு தேய்ந்து அடங்கும்போது ஹெட்போனிலிருந்து கசியும் கிளிக் சத்தம் அம்பலமாகும். அந்தக் கடைசித் தாளச் சுற்றுக்கு முன்னாலேயே கிளிக்கை நிறுத்திவிடுங்கள்.

முழுப்பாட்டையும் நாலைந்து முறை பாடி, நல்ல வரிகளை வரி வரியாகப் பொறுக்கிக் கோர்த்துக்கொள்ளுங்கள். எழுத்தெழுத்தாக ஒட்டாதீர்கள், மூச்சு பொய்யாகிவிடும்.

வெளியிடுவதற்கு முன் உரிமை. ஒரு பாட்டில் உரிமை இரண்டு: இயற்றியதற்கு ஒன்று, ஒலிப்பதிவுக்கு ஒன்று. நீங்களே வாசித்துப் பாடினால் முதல் உரிமைக்குத்தான் அனுமதி வேண்டும். மூலத்திலிருந்து இரண்டு வினாடி புல்லாங்குழலை வெட்டி ஒட்டினால் இரண்டாவதும் தேவைப்படும். இணையத்தில் கிடைக்கும் கரோக்கி தடமும் யாரோ ஒருவரின் ஒலிப்பதிவுதான், பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 115வது பிரிவின்படி கட்டாய உரிமம் (உரிமையாளர் மறுக்க முடியாத அனுமதி) பெறலாம், உங்கள் பாணிக்கு ஏற்பாட்டை மாற்றலாம், ஆனால் அடிப்படை மெட்டை மாற்றக் கூடாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 31சி பிரிவு, கவர் பதிவு செய்ய, முதல் ஒலிப்பதிவு நடந்த ஆண்டு முடிந்து ஐந்து காலண்டர் ஆண்டு காத்திருக்கச் சொல்கிறது. பொதுவாக ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான ராயல்டியும் கேட்கிறது. தனி ஆளுக்கு அது பெரிய சுமை என்பதால், உரிமையாளரை நேரே அணுகிப் பேசுவதே நடக்கிற காரியம். ஒலிக்கு வாங்கிய உரிமம் வீடியோவுக்குத் தானாகச் செல்லாது, படத்தோடு இணைப்பதற்குத் தனி அனுமதி உண்டு. வரிகளை மொழிபெயர்ப்பதற்கும் அப்படியே. தாலாட்டு, நாட்டுப்பாட்டு என்றால் மெட்டு பொதுச்சொத்தாக இருக்கலாம், ஆனால் நீங்கள் கேட்டு வளர்ந்த பதிவின் இசையமைப்பு அப்படி இருக்க வேண்டியதில்லை.

பாட்டை இணையத் தளங்களுக்கு அனுப்பும் விநியோகப் படிவத்தில் 'கவர்' என்ற கட்டத்தைக் குறியிட்டு, இயற்றியவர் பெயர்களைப் பதிவு உறையில் இருக்கும் எழுத்துப்படியே நிரப்புங்கள். மூலப் பாடகர் பெயரைத் தலைப்பில் போட்டால் பல தளங்கள் திருப்பி அனுப்பிவிடும். வரிகளைச் சரிபார்க்கும்போதே அந்த உறையையும் படம் எடுத்து வைத்திருந்தால் இந்த வேலை ஐந்து நிமிஷம்தான்.