நர்ஸுக்கு ஃபர்ஸ்ட் ரெஸ்பாண்டர் போன் தள்ளுபடி கிடைக்குமா?

வணக்கம் மக்களே. இன்றைக்கு அமெரிக்காவில் நர்ஸாக வேலை பார்க்கும் நம் ஆட்களுக்கான வீடியோ. செல்போன் பில்லில் ஃபர்ஸ்ட் ரெஸ்பாண்டர், அதாவது அவசரத்துக்கு முதலில் ஓடிவரும் போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மாதிரி ஆட்களுக்கான தள்ளுபடி என்று போடுகிறார்களே, அது நர்ஸுக்குக் கிடைக்குமா? ஷிஃப்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் பார்ப்பவர்களுக்காகப் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃபர்ஸ்ட் ரெஸ்பாண்டர் என்ற பெயரில் பெரும்பாலும் கிடைக்காது. நர்ஸ் என்ற பெயரிலேயே தனியாகக் கிடைக்கும். ஏடி அண்ட் டியிலும் இருக்கிறது, வெரைசனிலும் இருக்கிறது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. எங்கள் யூனிட்டில் எத்தனையோ பேர் ஃபர்ஸ்ட் ரெஸ்பாண்டர் பட்டனை அழுத்தி, தகுதி இல்லை என்று வந்ததும் அப்படியே விட்டுவிட்டார்கள். வருஷக்கணக்கில் முழு பில் கட்டுகிறார்கள். அதே பக்கத்தில் இரண்டு வரி கீழே நர்ஸ் என்று இன்னொரு பட்டன் இருந்திருக்கும்.

இந்தச் சரிபார்ப்பைப் பல இடங்களில் போன் கம்பெனி நேரடியாகச் செய்வதில்லை. ஐடி.மீ, ஷீர்ஐடி மாதிரி வெளிக் கம்பெனிகள் செய்கின்றன. அவர்கள் ஆட்களைத் தனித்தனிப் பிரிவாக வைத்திருக்கிறார்கள். ஐடி.மீயை எடுத்துக்கொண்டால், ஃபர்ஸ்ட் ரெஸ்பாண்டர் பிரிவில் போலீஸ், தீயணைப்பு வீரர், ஆம்புலன்ஸில் அவசர சிகிச்சை தரும் இஎம்டி, பாராமெடிக், 911 என்ற அவசர எண்ணுக்கு வரும் அழைப்பை எடுக்கும் டிஸ்பாட்சர் ஆகியோர் வருகிறார்கள். நர்ஸ் வேறு பிரிவு. முதல் பிரிவில் கேட்பது நீங்கள் வேலை செய்யும் துறையின் ஆதாரம் அல்லது இஎம்டி சான்றிதழ். நர்ஸ் பிரிவில் பார்ப்பது உங்கள் ஸ்டேட் லைசென்ஸ். உங்களிடம் இருப்பது லைசென்ஸ். அதைத் தவறான பிரிவில் கொண்டுபோய்க் கொடுத்தால் மறுக்கத்தான் செய்வார்கள்.

எமர்ஜென்சியில் வேலை பார்க்கிறவர்களுக்கு இதைக் கேட்டால் கோபம் வரும். எனக்கும் வருகிறது. ஆம்புலன்ஸ் கதவு திறந்ததும் பேஷன்ட்டைக் கையில் வாங்குவது யார்? அமெரிக்கச் சட்டமே இதை ஒப்புக்கொள்கிறது. 2002-இல் வந்த ஹோம்லேண்ட் செக்யூரிட்டி சட்டம் அவசர உதவி செய்வோர் யார் யார் என்று வரையறுக்கும்போது, மருத்துவமனை எமர்ஜென்சி பிரிவுகளையும் சேர்த்தே சொல்கிறது. ஆனால் தள்ளுபடி யாருக்கு என்பதை அந்தச் சட்டம் தீர்மானிப்பதில்லை. அது ஒவ்வொரு கம்பெனியும் தானாகப் போட்டுக்கொள்ளும் விதி. அதனால் கஸ்டமர் கேரில் அரை மணி நேரம் வாதாடிப் பயனில்லை. சரியான பிரிவில் விண்ணப்பித்தால் வேலை முடிந்துவிடும்.

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் இன்னொரு விஷயம் ஃபர்ஸ்ட்நெட். அதைத் தள்ளுபடி பிளான் என்று நினைக்கிறவர்கள் நிறைய. அது ஒரு தனி நெட்வொர்க் ஏற்பாடு. 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கில் போலீஸும் தீயணைப்பு வீரர்களும் ஒருவரோடு ஒருவர் ரேடியோவில் சரியாகப் பேச முடியாமல் போனது. அந்த அனுபவத்திலிருந்துதான் நாடு முழுவதற்கும் ஒரே பொதுப் பாதுகாப்பு நெட்வொர்க் வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. 2012-இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டு அதற்கென ஓர் ஆணையத்தை அமைத்தது. 2017-இல் 25 ஆண்டு ஒப்பந்தம் ஏடி அண்ட் டிக்குப் போனது. பேண்ட் 14 என்ற அலைவரிசையை இதற்காக ஒதுக்கியிருக்கிறார்கள். புயல், வெள்ளம், பெரிய கூட்டம் என்று டவர் திணறும் நேரத்தில் இவர்களுடைய அழைப்பு முன்னால் போகும். தேவைப்பட்டால் மற்றவர்களின் இணைப்பை ஓரம் தள்ளிவிட்டும் போகும். போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் சேவை, 911 மையம், பேரிடர் மேலாண்மை ஆகியவைதான் அதில் முதல் வரிசை. அவர்களுக்குத் துணை நிற்கும் மருத்துவமனைகள், மின்சாரம், போக்குவரத்து போன்றவை அடுத்த வரிசை. நீங்கள் எமர்ஜென்சியிலோ ட்ராமாவிலோ இருந்தால், பேரிடர் நேரத்தில் உங்களைக் கூப்பிட்டே ஆக வேண்டும் என்றால், ஃபர்ஸ்ட்நெட்டுக்குத் தகுதி உண்டா என்று கட்டாயம் கேட்டுப் பாருங்கள். எந்த மருத்துவமனை, என்ன வேலை என்பதற்கு ஆதாரம் கேட்பார்கள். க்ளினிக்கில் காலை எட்டிலிருந்து ஐந்து வரை வேலை பார்க்கும் நர்ஸுக்குச் சாதாரண நர்ஸ் தள்ளுபடியே போதும் என்பது என் கருத்து.

அந்தத் தள்ளுபடிக்கு வருவோம். ஏடி அண்ட் டி நர்ஸுகளுக்கும் டாக்டர்களுக்கும் அன்லிமிடெட் பிளான்களில் 25 சதவீதம் குறைப்பதாக விளம்பரம் செய்து வருகிறது. எந்தப் பிளானுக்கு உண்டு, எதற்கு இல்லை என்பதை அவ்வப்போது மாற்றுவார்கள், சேரும் அன்றைக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். வெரைசனில் சதவீதக் கணக்கு இல்லை. எத்தனை லைன் வைத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து மாதம் இவ்வளவு டாலர் என்று கழிப்பார்கள். டி-மொபைலின் ஃபர்ஸ்ட் ரெஸ்பாண்டர் பிளான் போலீஸ், தீயணைப்பு, அவசர மருத்துவ சேவை ஆட்களுக்கென்று போட்டது. மருத்துவமனை நர்ஸ் அதை நம்பிப் போக வேண்டாம். அங்கே உங்கள் மருத்துவமனை வழியாக ஊழியர் சலுகை ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வழி.

இப்போது நம் ஆட்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடத்துக்கு வருகிறேன். பெயர்.

சரிபார்க்கும் கம்பெனி நீங்கள் கொடுத்த பெயரை ஸ்டேட் நர்சிங் போர்டு பதிவோடு ஒப்பிடும். ஓர் எழுத்து மாறினாலும் இயந்திரம் தள்ளிவிடக்கூடும். நம் பெயர்கள் எப்படி இருக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இனிஷியல்தான். பாஸ்போர்ட் எடுக்கும்போது அப்பா பெயர் கடைசிப் பெயராகிறது. சிலருக்கு முழுப் பெயரும் ஒரே கட்டத்தில் விழுந்துவிடும், அவர்களுக்கு விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என்யூ, அதாவது முதல் பெயர் தெரியவில்லை என்று வந்து நிற்கும். அப்புறம் கல்யாணம், கணவர் பெயர். என்கிளெக்ஸ் என்ற நர்ஸ் லைசென்ஸ் தேர்வு எழுதியபோது ஒரு பெயர், டிரைவிங் லைசென்ஸில் ஒரு பெயர், போன் அக்கவுண்டில் இன்னொரு பெயர். நீங்கள் நர்ஸ் இல்லை என்று யாரும் சொல்லவில்லை, நீங்கள்தான் அந்த நர்ஸ் என்பது அந்த இயந்திரத்துக்குப் புரியவில்லை.

இதற்கு வழி இருக்கிறது. நர்சிஸ் என்ற தளத்தில் உங்கள் லைசென்ஸை இலவசமாகத் தேடலாம். ஸ்டேட் போர்டுகளின் தேசிய அமைப்பான என்சிஎஸ்பிஎன் நடத்தும் தளம் அது. அங்கே உங்கள் பெயர் எப்படிப் பதிவாகியிருக்கிறதோ அதை இடைவெளி, புள்ளி உட்பட அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் அதையே போடுங்கள். அப்படியும் டிரைவிங் லைசென்ஸோடு பொருந்தவில்லை என்றால், கல்யாணச் சான்றிதழ் மாதிரி ஆவணத்தைக் காட்டி போர்டில் பெயரைத் திருத்திக்கொள்ளுங்கள். இது போன் தள்ளுபடிக்காக மட்டும் செய்யும் வேலை இல்லை. நாளைக்கு வேலை மாறும்போதும் இதே சிக்கல் வந்து நிற்கும், அதனால் இப்போதே முடித்துவிடுவது நல்லது.

போன் அக்கவுண்ட் யார் பெயரில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். நம் வீடுகளில் பெரும்பாலும் கணவர்தான் முதலில் வந்து, அவர் பெயரில் ஃபேமிலி பிளான் ஓடிக்கொண்டிருக்கும். தள்ளுபடி அக்கவுண்ட் சொந்தக்காரரின் தகுதியை வைத்து வருவது. அக்கவுண்ட்டை உங்கள் பெயருக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள்.  ஹெச்4-இல், அதாவது கணவரின் வேலை விசாவைச் சார்ந்த விசாவில் வந்து, பிறகு ஆர்என் (ரெஜிஸ்டர்ட் நர்ஸ்) ஆன பெண்கள் இதைக் கண்டிப்பாகச் செய்யுங்கள், அக்கா மாதிரி சொல்கிறேன்.

கணக்கு போட்டுப் பார்ப்போம். நான்கு லைனுக்கு மாதம் 200 டாலர் வருகிறது என்று வையுங்கள். 25 சதவீதம் என்றால் மாதம் 50, வருஷத்துக்கு 600 டாலர். நல்ல தொகைதான். ஆனால் இது பிளான் விலைக்கு மட்டும். போனுக்குக் கட்டும் தவணை, வரி, மற்ற கட்டணங்கள் எதுவும் குறையாது. மருத்துவமனை வழியாக ஏற்கெனவே ஒரு தள்ளுபடி ஓடினால் பொதுவாக இரண்டையும் ஒன்றாகத் தர மாட்டார்கள், எது பெரியதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். சேர்ந்ததும் அடுத்த பில்லிலேயே தெரியாது, ஒன்றிரண்டு பில் ஆகலாம். அதற்குப் பிறகும் வரவில்லை என்றால் விடாமல் கூப்பிடுங்கள்.

தனி ஆளாக இருக்கிறீர்கள், வீட்டிலும் மருத்துவமனையிலும் வைஃபை இருக்கிறது என்றால் இந்தத் தள்ளுபடியே உங்களுக்குத் தேவைப்படாமல் போகலாம். மின்ட், விசிபிள் மாதிரி கம்பெனிகள் பெரிய நெட்வொர்க் மேலேயே ஓடுகின்றன. 80 டாலர் பிளானில் 25 சதவீதம் கழித்தாலும் 60 டாலர் வருகிறது. அங்கே அதில் பாதிக்கும் குறைவாக முடிக்கலாம். தள்ளுபடி கிடைக்கிறதே என்பதற்காகத் தேவையில்லாத பெரிய பிளானில் போய் உட்காராதீர்கள். ஊருக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருப்பவர்களுக்கு அந்த 30 டாலர் பெரிது.

யாருக்கெல்லாம் கிடைக்கும்? ஆர்என், எல்பிஎன் (லைசென்ஸ்ட் ப்ராக்டிகல் நர்ஸ்), நர்ஸ் ப்ராக்டிஷனர் எல்லோரும் லைசென்ஸ் உள்ளவர்கள், பிரச்சினை இல்லை. டெக்சாஸிலும் கலிஃபோர்னியாவிலும் எல்பிஎன்னை எல்விஎன் என்பார்கள், இரண்டும் ஒன்றுதான், பட்டியலில் காணோமே என்று திரும்பிவிடாதீர்கள். ஏஜென்சி வழியாக ஊர் ஊராகப் போய் வேலை பார்க்கும் ட்ராவல் நர்ஸுக்கும் லைசென்ஸ்தான் கணக்கு, ஏஜென்சி எது என்பது இதில் பெரிதில்லை. தமிழ்நாடு நர்சிங் கவுன்சில் பதிவை மட்டும் வைத்துக்கொண்டு, இங்கே இன்னும் என்கிளெக்ஸ் முடிக்காதவர்கள் காத்திருக்க வேண்டியதுதான்.

மனசுக்குக் கஷ்டமாக இருப்பது சிஎன்ஏக்களை, அதாவது நர்ஸ் உதவியாளர்களை நினைத்தால்தான். பேஷன்ட்டைத் திருப்பிப் படுக்க வைப்பது, குளிப்பாட்டுவது, ஊட்டுவது எல்லாம் அவர்கள். எங்களில் குறைந்த சம்பளமும் அவர்களுக்குத்தான். அவர்களிடம் இருப்பது சான்றிதழ், நர்சிங் லைசென்ஸ் இல்லை, அதனால் நர்ஸ் பிரிவில் பெரும்பாலும் இடம் இல்லை. மூச்சுச் சிகிச்சை பார்க்கும் ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்டும், லேப் டெக்னீஷியனும் அப்படித்தான். கம்பெனிகள் இவர்களையும் சேர்க்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அதுவரைக்கும், நீங்கள் சிஎன்ஏ என்றால் உங்கள் மருத்துவமனையின் ஹெச்ஆர் தளத்தில் ஊழியர் சலுகைப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். பெரிய மருத்துவமனைகள் பலவற்றுக்கு இந்த மூன்று கம்பெனிகளில் ஏதாவது ஒன்றோடு ஒப்பந்தம் இருக்கும். வேலை இமெயிலும் சம்பளச் சீட்டும் இருந்தால் போதும், நர்ஸா இல்லையா என்று அங்கே யாரும் கேட்பதில்லை.