வாசிக்க வாசிக்க அழிந்த எண்கள்

நேயர்களுக்கு வணக்கம். காரைக்குடியில் பழைய சாமான் என்றால் முனீஸ்வரன் கோவில் தெருதான். தேக்குத் தூணும் எனாமல் தூக்குச்சட்டியும் அங்கே நல்ல விலைக்குப் போகும். நான் சொல்லப்போகும் சாமானும் அந்தத் தெருவுக்குப் போனது. வாங்க ஆளில்லாமல் வீடு திரும்பியது. உள்ளே செம்பு எவ்வளவு தேறும் என்று மட்டும் ஒரு கடைக்காரர் கேட்டார்.

அது பிடிபி-8/இ. அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மெண்ட் கார்ப்பரேஷன் 1970இல் கொண்டுவந்த மினிகம்ப்யூட்டர். மினி என்பது அந்தக் காலத்துக் கணக்கு. தூக்க இரண்டு பேர் வேண்டும். எங்கள் பெரியப்பச்சி ஓர் ஏலத்தில் எடுத்து வந்து இரண்டாங்கட்டில் போட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தார். பெரியாத்தா அதன் மேல் வற்றல் தட்டு அடுக்கினார்கள்.

மூடியைத் திறந்தபோது பல்லி முட்டை, எலி கடித்த பஞ்சு, விரல் பட்டால் பிசுபிசுக்கும் நுரைப்பஞ்சுத் துணுக்கு. துரு மட்டும் அதிகமில்லை. நம் ஊர் வெயிலுக்கு நன்றி.

இப்படிப்பட்ட இயந்திரத்தில் ஸ்விட்சைப் போட்டுப் பார்க்கும் ஆசைதான் முதல் எதிரி. மின்வழங்கியில் டம்ளர் பருமனுக்குக் கெப்பாசிட்டர்கள் இருக்கின்றன. உள்ளே அலுமினியத் தகட்டின் மேல் மெல்லிய ஆக்சைடு படலம். வருஷக்கணக்கில் மின்சாரம் படாமல் கிடந்தால் அது நைந்துவிடும். திடீரென்று முழு வோல்டேஜ் கொடுத்தால் சூடேறி வெடிக்கும். அதனால் ஒவ்வொன்றையும் கழற்றி, ரெசிஸ்டர் வழியாகச் சிறிது சிறிதாக வோல்டேஜை ஏற்ற வேண்டும். படலம் மறுபடி வளரும். மின்வேதியியல்தான் இது. அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1953இல் திறக்கப்பட்ட சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இருக்கும் ஊரில் இதற்கு மேல் விளக்கினால் சிரிப்பார்கள். எனக்கு மூன்று வாரம் ஆனது. இரண்டு கெப்பாசிட்டர் கசிந்திருந்தன, புதிது போட்டேன். அப்புறம் கார் ஹெட்லைட் பல்பைச் சுமையாக மாட்டி 5 வோல்ட் ஆடாமல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அட்டைகளைச் செருகினேன்.

இதன் நினைவகம் சிலிக்கான் சில்லு அல்ல. ரவை அளவு ஃபெரைட் வளையங்கள், ஒவ்வொன்றிலும் கையால் கோத்த கம்பிகள். 4096 சொற்கள் (ஒரு சொல் என்பது ஓர் எண்), சொல்லுக்கு 12 பிட். பிட் என்றால் 0 அல்லது 1, ஒரு பிட்டுக்கு ஒரு வளையம். மொத்தம் 49,152 வளையம். ஓலைக் கொட்டான் முடைந்து பழகிய பெரியாத்தா பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, "இதுக்குத் தலைப்பு எங்க இருக்கு?" என்றுதான் கேட்டார்கள்.

வளையத்தின் காந்தம் மின்சாரம் போனாலும் போகாது. கடைசியாக யாரோ எழுதியது அப்படியே இருக்கலாம்! நினைவக அட்டையைச் சோதிக்கும் பொறுமை எனக்கு இல்லை. முன்பலகையில் முகவரியை, அதாவது நினைவகத்தின் எந்த இடம் என்ற எண்ணைப் போட்டு, எக்ஸாம் ஸ்விட்சைத் தட்டித் தட்டி, விளக்குகள் காட்டிய எண்களை நோட்டில் எழுதினேன். 0 முதல் 7 வரை மட்டுமே இலக்கம் கொண்ட எண்கள். 0200 முகவரியிலிருந்து தொடங்கி 112 எண்கள் எழுதியதும், சரிபார்க்க மறுபடி வாசித்தேன்.

0305இல் 5304 என்று எழுதியிருந்தேன். இப்போது 5324 என்றது. ஓர் இலக்கம் மூன்று பிட்: 0 என்பது 000, 2 என்பது 010. அடுத்தடுத்தும் அப்படியே, ஒரே ஒரு பிட், 0 இருந்த இடத்திலெல்லாம் 1.

வளைய நினைவகத்தில் வாசிப்பதே அழிப்பதுதான். வாசித்த உடனே இயந்திரம் அதைத் திரும்ப எழுதிவிடும். 0 எழுத வேண்டிய பிட்டுக்கு மட்டும் ஒரு தடுப்பு மின்னோட்டம் வேண்டும். அது வராவிட்டால் 1 விழுந்துவிடும். அந்த ஒரு பிட்டின் தடுப்புச் சுற்றில் ஒரு டிரான்சிஸ்டர் செத்திருந்தது. நான் பார்த்த 112 இடத்தில் அந்தப் பிட் 0 ஆக இருந்த இடத்திலெல்லாம் நானே கறை பூசியிருக்கிறேன். விஷயத்தைச் சொன்னதும் பெரியாத்தா, "படிக்கப் படிக்க அழியிற எழுத்தை எவம்ப்பா கண்டுபிடிச்சது?" என்றார்கள்.

நல்லவேளை, முதல் வாசிப்பு சரியானதே. டிரான்சிஸ்டரை மாற்றினேன். அதைவிட, அதைக் கழற்றக் கையை உள்ளே நுழைப்பதுதான் பெரும்பாடு. பிறகு பெரியாத்தா நோட்டைப் பார்த்து இலக்கங்களைச் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றாக ஸ்விட்சில் போட்டு நினைவகத்தில் ஏற்றினேன். "அஞ்சு, மூணு, சுன்னம், நாலு." ஒரு சாயங்காலம் முழுக்க.

0200ஐப் போட்டு ஓட்டினேன். விளக்குகள் துடித்தன, சட்டென்று ஓரிடத்தில் மங்கலாக நிலைத்தன. நிறுத்திப் பார்த்தால் 0304, 0305 இரண்டுக்குள்ளேயே சுற்றுகிறது. 0304இல் 6031: டெலிடைப்பில், அதாவது இதனுடன் இணைக்கும் தட்டச்சு இயந்திரத்தில், விசை அழுத்தினார்களா என்று பார். 0305இல் 5304: இல்லையென்றால் திரும்ப 0304க்கே போ. அழுத்தினால் என்ன ஆகும் என்பது இன்னும் பார்க்கவில்லை. டெலிடைப் என்னிடம் இல்லை. அதற்குப் பதிலாக மடிக்கணினியை இணைக்க ஒரு கேபிள் செய்துகொண்டிருக்கிறேன். வணக்கம்.