எங்கள் ஊரில் அது குளம்

(கிளிநொச்சியில், எழுத விரும்பும் இளையோர் கூடியிருந்த ஒரு காலைப்பொழுதில் பேசியது. எழுத்தாக்கும்போது ஓரிரு இடங்களைச் சற்று விரித்திருக்கிறேன்.)

எல்லாருக்கும் வணக்கம். உங்களைப் பிள்ளைகளே என்றுதான் கூப்பிடப் போகிறேன். முப்பது வருடத்துக்கு மேல் வகுப்பறையில் நின்றவளுக்கு அதுதான் இயல்பாக வருகிறது.

எழுத்தில் தனக்கென்று ஒரு குரலைக் கண்டுபிடிப்பது எப்படி என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். கண்டுபிடிப்பது என்ற சொல்லோடு எனக்குக் கொஞ்சம் பிணக்கு உண்டு. தொலைந்த பொருளைத்தான் தேடிக் கண்டுபிடிப்பார்கள். உங்கள் குரல் எங்கே தொலைந்தது? இன்று காலை, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அம்மாவிடம் கத்திவிட்டு ஓடி வந்தீர்களே, அதில் இருந்தது. இந்த மண்டபத்துக்கு வெளியே நின்று சிநேகிதியோடு கதைத்தீர்களே, அதிலும் இருந்தது. எழுத உட்கார்ந்ததும் அதை வாசலில் செருப்போடு சேர்த்துக் கழற்றிவிட்டு உள்ளே வருகிறோம். ஏன் அப்படிச் செய்கிறோம் என்பதைத்தான் நான் இன்றைக்குப் பேச வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மாணவி என்னிடம் ஒரு சிறுகதை கொண்டுவந்தாள். 'ஏரிக்கரையில் தென்றல் வீசிக்கொண்டிருந்தது' என்று தொடங்கியிருந்தாள். அவளுடைய வீடு இரணைமடுக் குளக்கட்டுக்குக் கீழே, வாய்க்காலை ஒட்டியது. நான் கேட்டேன், "இது எந்த ஏரி பிள்ளை?"

"இரணைமடு, ரீச்சர்."

"வீட்டில் அதை ஏரி என்றா சொல்வீர்கள்?"

"இல்லை ரீச்சர், குளம்."

"அப்ப ஏன் இப்படி எழுதினாய்?"

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள், "கதையில அப்படித்தானே எழுதுவினம்."

அந்தப் பதிலை நான் இன்னும் மறக்கவில்லை. கதையில் அப்படித்தான் எழுதுவார்கள். யார் அவர்கள்? அவள் வாசித்த கதைகளை எழுதியவர்கள், அவள் பார்த்த படங்களில் பேசியவர்கள். அவர்களுடைய ஊரில் அது ஏரிதான். அந்தச் சொல்லில் ஒரு குறையும் இல்லை. தஞ்சாவூர்க்காரர் ஏரி என்று எழுதட்டும், மதுரைப் பக்கத்தார் கண்மாய் என்று எழுதட்டும். எங்கள் ஊரில் அது குளம்.

ஒரு சொல் தானே, போகட்டும் என்று நினைக்காதீர்கள். சொல் தனியாகப் போவதில்லை. தன் குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு போய்விடும். குளம் போனால் குளக்கட்டு போகும். தண்ணீர் திறந்துவிடும் துருசு போகும். மாடுகள் இறங்கித் தண்ணீர் குடிக்கும் அலைகரை போகும். மார்கழி மழையில் இரவு யாரோ வந்து படலையில் நின்று, "குளம் வான் பாயுதாம்" என்று சொல்வார்களே, அந்த வசனம் போகும். அந்த வசனத்தைக் கேட்டதும் சிறுவர்களுக்கு மீன் ஞாபகம் வரும். தகப்பனுக்குக் கீழ்வயலில் நிற்கும் பயிர் ஞாபகம் வரும். கிழவிக்குப் போன வெள்ளத்தில் செத்த மாடு ஞாபகம் வரும். ஏரி நிரம்பி வழிந்தது என்று எழுதினால் இந்த மூன்றில் ஒன்றாவது வருமா?

எங்கள் ஊர்ப் பெயர்களை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மாங்குளம், புளியங்குளம், வவுனிக்குளம். விசுவமடு, ஒலுமடு. முத்தையன்கட்டு, உடையார்கட்டு. நெடுங்கேணி. கொக்காவில். தண்ணிமுறிப்பு, கரிப்பட்டமுறிப்பு. குளம், மடு, கட்டு, கேணி, வில், முறிப்பு. வன்னியில் தண்ணீருக்கு எத்தனை பெயர் இருக்கிறது பாருங்கள். முறிப்பு என்றால் முறிந்த இடம். என்றோ ஒரு நாள் ஒரு கட்டு உடைந்தது, பார்த்தவன் அதையே பெயராக வைத்துவிட்டான். இந்தக் கிளிநொச்சியிலேயே கரடிப்போக்கு இருக்கிறது. கரடி போகும் வழி. தினமும் அந்தச் சந்தியால் போகிறோம், யாராவது கரடியை நினைக்கிறோமா? இரணை என்றால் இரட்டை. இரணைதீவு இரண்டு தீவு, இரணைமடு இரண்டு மடு. இந்தப் பெயர்களை வைத்தவர்களில் எத்தனை பேருக்கு எழுத்து தெரிந்திருக்கும்? அவர்கள் கண் முன்னே இருந்ததைப் பார்த்தார்கள், வாயில் இருந்த சொல்லால் சொன்னார்கள். வன்னியின் முதல் எழுத்தாளர்கள் என்று நான் அவர்களைத்தான் சொல்வேன்.

என்னுடைய பதின்மூன்றாவது வயதில் ஒரு நாவல் கைக்கு வந்தது. அ. பாலமனோகரன் எழுதிய 'நிலக்கிளி'. 1973இல் வீரகேசரிப் பிரசுரமாக வந்தது. கதை நடக்கிற இடம் தண்ணிமுறிப்பு. அன்றைக்கு எனக்குக் கதையைவிடப் பெரிய விசயம், தண்ணிமுறிப்பு என்ற பெயர் அச்சில் இருந்ததுதான். அதுவரை கதை என்றால் சென்னையில் நடக்கும், மிஞ்சிப்போனால் யாழ்ப்பாணத்தில் நடக்கும் என்று நினைத்திருந்தேன். காட்டுக்குள்ளே இருக்கும் ஒரு குளத்தடியிலும் கதை நடக்கலாம், அதை எங்கள் சனத்தின் பேச்சோடு எழுதலாம் என்பது அன்றுதான் தெரிந்தது. எனக்கு அனுமதி கிடைத்தது போல இருந்தது. யாரும் தடுத்திருக்கவில்லை, ஆனாலும் அனுமதி தேவைப்பட்டிருக்கிறது.

சரி, பேச்சுமொழியிலேயே எல்லாவற்றையும் எழுதச் சொல்கிறீர்களா என்று சிலர் கேட்பீர்கள். இல்லை. ஊர்ச் சொல்லை அலங்காரத்துக்குத் தூவுவதும் எனக்குப் பிடிக்காது. நாலு வரிக்கு ஒருமுறை 'மெய்யே', 'எணேய்' என்று போட்டால் அது வன்னி எழுத்து ஆகிவிடாது. வசனம் எழுத்துத் தமிழில் இருக்கட்டும். பொருளுக்கு என்ன பெயரோ அந்தப் பெயர் இருக்கட்டும். அவ்வளவுதான் நான் கேட்பது.

இனி, புதுமை. படைப்பாற்றல் என்றதும் ஒருவரும் எழுதாததை எழுத வேண்டும் என்று பிள்ளைகள் பயந்து போகிறார்கள். பேனாவை எடுத்து வைத்துக்கொண்டு வானத்தைப் பார்க்கிறார்கள். நான் உங்களுக்கு என் அம்மம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். அம்மம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஊரில் செத்தவீடு என்றால் ஒப்பாரி சொல்ல அவவைத்தான் கூப்பிடுவார்கள். ஒப்பாரி பழைய வடிவம். மெட்டு பழையது, 'என்ரை ஐயா' என்று இழுக்கும் இழுவை பழையது, பொன்னும் முத்தும் பூந்தேரும் எல்லாருடைய ஒப்பாரியிலும் வரும். அவவின் தம்பி இறந்தபோது எனக்குப் பத்து வயது. வயலுக்குப் போய்விட்டு மாலையில் வந்தவர், இரவு மாரடைப்பில் போய்விட்டார். விடிய அம்மம்மா தலைமாட்டில் இருந்து சொல்லிக்கொண்டே வந்தா. பொன் வந்தது, தேர் வந்தது. பிறகு திடீரென்று,

கழுவிவைத்த மண்வெட்டி
காயமுன்னம் போனாயோ

என்றா. அதுவரை மெதுவாக அழுதுகொண்டிருந்த பெண்கள் எல்லாம் ஒரேயடியாகக் குழறினார்கள். எனக்கு அது என்னவென்று விளங்கவில்லை. எழும்பி வீட்டுப் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். வாய்க்காலில் கழுவிக் கொண்டுவந்து சுவரோடு சாத்திய மண்வெட்டி அப்படியே நின்றது. அதன் இரும்பு இலை காய்ந்திருந்தது. பிடி செருகியிருந்த இடத்தில் மட்டும் மண் இன்னும் ஈரமாக இருந்தது. விரலை வைத்துப் பார்த்தேன், ஒட்டியது.

பொன்னையும் தேரையும் எல்லாரும் பாடினார்கள். அந்த மண்வெட்டியை அவ ஒருத்திதான் பார்த்திருக்கிறா. அழுதுகொண்டிருந்த நேரத்திலும் பார்த்திருக்கிறா. புதுமை என்று நான் நம்புவது இதைத்தான். வடிவம் பழையதாக இருந்துவிட்டுப் போகட்டும். ஒருவருக்கும் தெரியாத சொல்லும் வேண்டாம். உன் வீட்டுப் பின்பக்கச் சுவரில் என்ன சாத்தியிருக்கிறது என்று நீ பார்த்திருக்க வேண்டும், அதைச் சொல்லத் துணிய வேண்டும்.

தொடக்கத்தில் இன்னொருவர் மாதிரி எழுதுவது பற்றிக் கவலைப்படாதீர்கள். கூத்துப் பழகுகிறவன் அண்ணாவியார் பாடுவதைத்தான் முதலில் திருப்பிப் பாடுகிறான். பாடிப் பாடித்தான் தன் தொண்டை எது என்று தெரியும்.

இப்போது கொஞ்சம் கனமான விசயத்துக்கு வருகிறேன். வன்னியில் இருந்து எழுதுகிறவர்களுக்கு இன்னொரு சுமை இருக்கிறது. நாங்கள் எதை எழுதுவோம் என்று உலகம் முதலே தீர்மானித்து வைத்திருக்கிறது. அதற்கான சொற்களும் தயாராக இருக்கின்றன. சொல்லொணாத் துயரம். ஆறாத வடு. கண்ணீரும் கம்பலையும். இவை பொய் இல்லை. ஆனால் எத்தனையோ பேர் கை பட்டுத் தேய்ந்துவிட்டன. இந்தச் சொற்களை எடுத்தால், நடந்தது உங்களுக்குத்தானா வேறு யாருக்குமா என்பதே வாசிக்கிறவருக்குத் தெரியாமல் போய்விடும்.

2009இல் போர் முடிந்த பிறகு நான் ஒரு கட்டுரை எழுதி ஒரு சஞ்சிகைக்கு அனுப்பினேன். நாங்கள் தறப்பாளுக்குக் கீழே இருந்த மாதங்களைப் பற்றியது. அச்சில் வந்தபோது தறப்பாள் எல்லாம் கூடாரம் ஆகியிருந்தது. திருத்தியவர் நல்ல மனதோடுதான் செய்திருப்பார், வாசகர்களுக்கு விளங்க வேண்டும் என்று நினைத்திருப்பார். எனக்கோ யாரோ என் வீட்டுக்குள் புகுந்து சாமான்களை மாற்றி வைத்தது போல இருந்தது. கூடாரம் என்றால் அரசன் போருக்குப் போகும்போது போடுவது. தறப்பாள் வேறு. மத்தியானத்தில் அதற்குக் கீழே இருந்தால் பிளாஸ்டிக் வேகும் மணம் வரும். மழை பெய்தால் நடுவில் தண்ணீர் தேங்கித் தொப்பை போலத் தொங்கும். யாராவது ஒருவர் இரவில் எழும்பித் தடியால் கீழிருந்து மெல்ல உயர்த்தி வழியவிட வேண்டும். பலமாகக் குத்தினால் கிழியும், விட்டால் கயிறு அறும். அந்தத் தடியை யார் பிடிப்பது என்று எங்கள் வீட்டில் முறை இருந்தது. என் கடைசித் தங்கச்சி தன் முறை வரும் இரவுகளில் தூங்காமலே இருப்பாள். கூடாரத்துக்குள் இந்தத் தடிக்கு இடம் இல்லை பிள்ளைகளே.

வெளியூரில் இருப்பவர்களுக்குத் தறப்பாள் விளங்குமா என்றால், விளங்கும். கண்மாய் எங்களுக்கு எப்படி விளங்கியது? அந்த ஊர்க்காரர்கள் கூச்சப்படாமல் எழுதினார்கள், நாங்கள் வாசித்துப் பழகினோம். சென்னையில் இருப்பவரும் ரொறன்ரோவில் பிறந்த பிள்ளையும் எங்கள் சொல்லைப் பழகிக்கொள்வார்கள். அந்த மரியாதையை வாசகருக்குக் கொடுங்கள்.

2018 டிசம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வந்த வெள்ளம் உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். இரணைமடுக் கதவுகள் திறக்கப்பட்ட அந்த நாட்கள். பிறகு வகுப்பில் எல்லாரையும் அதைப் பற்றி எழுதச் சொன்னேன். 'மக்களின் இயல்பு வாழ்க்கை பெரிதும் பாதிக்கப்பட்டது' என்ற வசனம் பாதிக்கு மேற்பட்ட கொப்பிகளில் இருந்தது. செய்தியில் கேட்டது. ஒரு பையன் மட்டும் இப்படி எழுதியிருந்தான். 'தண்ணீர் படி ஏறியதும் அம்மா கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய சொப்பின் பையை எடுத்தா. அதற்குள் அடையாள அட்டைகள், பிறப்புப் பதிவுகள், காணி உறுதி. அந்தப் பை எப்போதும் அங்கேதான் தொங்கும். நான் பிறந்த நாளில் இருந்து அது அங்கே தொங்குகிறது.'

கடைசியில் அவ்வளவுதான். போர் என்ற சொல் அந்தக் கட்டுரையில் ஓர் இடத்திலும் இல்லை. ஆனால் மீண்டும் எப்போது ஓட வேண்டி வருமோ என்று வருடக்கணக்காக ஒரு பையை ஆணியில் வைத்திருக்கும் தாயை நான் பார்த்துவிட்டேன். எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பை தொங்குகிறது. வாசித்துவிட்டு அவனைக் கூப்பிட்டுப் பாராட்டினேன். அவனுக்கு ஒரு சந்தேகம், "சொப்பின் பை எண்டு எழுதலாமா ரீச்சர்? துணிப்பை எண்டு மாத்தவா?" மாற்றாதே என்றேன். அது துணிப்பை இல்லை, பிளாஸ்டிக் பை. நனையக் கூடாது என்றுதான் அந்தத் தாய் அதில் போட்டு வைத்தா.

செய்து பார்க்க ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்பீர்கள். நான் செய்வதைச் சொல்கிறேன். எழுதும்போது 'வாசகர்கள்' என்று ஒரு கூட்டத்தை நினைக்கமாட்டேன். ஒருவரை நினைப்பேன். பெரும்பாலும் கனடாவில் இருக்கும் என் தங்கச்சியை, அந்தத் தடி பிடித்தவளை. அவளுக்குச் சொல்வதாக நினைத்தால், அவளிடம் சொல்லாத சொல் எதுவும் கையில் வராது. 'அந்தி சாயும் பொழுதினிலே' என்று அவளிடம் தொடங்கினால், "அக்கா, என்ன நடந்தது உனக்கு?" என்பாள். எழுதி முடித்ததும் வாய்விட்டு வாசிப்பேன். நாக்கு இடறும் இடத்தில் அநேகமாக நான் வேறு யாரோ போல நடித்திருப்பேன். முதல் பந்தியைப் பெரும்பாலும் வெட்டிவிடுவேன், தொண்டையைச் செருமியதுதான் அதில் இருக்கும். கைப்பையில் ஒரு சின்னக் கொப்பி வைத்திருக்கிறேன், காதில் விழும் சொற்களுக்காக. போன கிழமை சந்தையில் ஒரு கிழவர் வெண்டிக்காயை எண்ணும்போது ஒன்று என்று தொடங்காமல் 'லாபம், இரண்டு, மூன்று' என்று எண்ணினார். எவ்வளவு காலத்துக்குப் பிறகு கேட்டேன் தெரியுமா? வீட்டுக்கு வரும்வரை பொறுக்கவில்லை, அங்கேயே நின்று எழுதிக்கொண்டேன்.

நீங்கள் போனில் எழுதினாலும் கொப்பியில் எழுதினாலும் எனக்கு ஒன்றுதான்.

இன்று தெற்கே போகிறவர்கள் முறிகண்டியில் இறங்குவீர்கள். எல்லா பஸ்ஸும் பிள்ளையாருக்காக நிற்கும். கற்பூரம், தேங்காய், கச்சான். இதை எல்லாரும் எழுதிவிட்டார்கள். நீங்கள் இறங்கியதும் ஒரு கச்சான்காரியின் கையை மட்டும் பாருங்கள். சூடான மணலுக்குள் அகப்பை எப்படிப் போகிறது, கச்சான் பதமாகிவிட்டது என்று அவவுக்கு எது சொல்கிறது, நிறமா, மணமா, சத்தமா? காசை எங்கே வைக்கிறா? பஸ் ஹோர்ன் அடித்ததும் அந்தக் கை என்ன செய்கிறது? பஸ்ஸில் ஏறியதும் எழுதிவிடுங்கள், மாங்குளம் வருவதற்குள்.

மற்றவர்களுக்கு இங்கேயே வேலை இருக்கிறது. கொப்பியைத் திறவுங்கள். உங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் என்ன தொங்குகிறது? பதினைந்து நிமிடம் தருகிறேன். தலைப்பு வேண்டாம்.