நிக்கோட்டின் சூயிங்கம் வாங்கப் போன கதையும் எங்கள் பெஞ்சுக் கூட்டமும்

வணக்கம், வணக்கம். குரல் கரகரக்கிறதா? மைக்கில் கோளாறு இல்லை, என் தொண்டையில்தான். பழைய நேயர்களுக்கு எல்லாம் தெரியும். புதிதாக வந்தவர்கள் பயப்பட வேண்டாம், வலி ஒன்றும் கிடையாது. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு வாங்கியதில் உமிழ்நீர் சரியாகச் சுரப்பதில்லை, அவ்வளவுதான். அதனால் நடுநடுவே தண்ணீர் குடிப்பேன், அதையெல்லாம் வெட்டப் போவதில்லை.

இந்தச் சேனலில் வழக்கமாக வரும் டீக்கடை இன்று கிடையாது. எனக்கிருக்கும் கோபத்தில் டீயின் நிறம், திடம் என்றெல்லாம் பேச வாய் வராது. கோபத்துக்குக் காரணம் இதோ, என் கையில் இருக்கிறது. கிட்டே காட்டுகிறேன். நிக்கோட்டின் சூயிங்கம், சிகரெட்டை விடுவதற்காக மெல்வது, 2 மில்லிகிராம், பழச்சுவை. இந்த அட்டைக்காக நேற்று தல்லாகுளத்தில் தொடங்கி, கோரிப்பாளையம், பிறகு பாலம் தாண்டிச் சிம்மக்கல் என்று மருந்துக் கடை மருந்துக் கடையாக ஏறி இறங்கினேன். போன இடமெல்லாம் ஒரே பதில்: "புதினாதான் சார் இருக்கிறது."

புதினா எனக்கு ஆகாது. ஆகாது என்றால் பிடிக்காது என்று மட்டும் பொருளில்லை. கதிர்வீச்சு வாங்கிய வாயில் புதினா பட்டால் பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டே சிரிக்கச் சொன்ன மாதிரி இருக்கும். பற்பசைகூட நான் குழந்தைகளுக்கான பற்பசைதான் வாங்குகிறேன். அடுத்து பான் சுவை. அதைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். கல்யாண வீட்டில் பந்தி முடிந்த இடத்தில் நிற்கிற வாடை அது. அதைக் கண்டுபிடித்த புண்ணியவானை நான் ஒருநாள் பார்க்க வேண்டும். எனக்கு வேண்டியது பழச்சுவை. உலகத்தில் அது ஒன்றும் பெரிய ஆசை இல்லையே?

ஒரு கடையில் பையன் மருந்துச் சீட்டு கேட்டான். "தம்பி, 2 மில்லிகிராமுக்குச் சீட்டு தேவையில்லை, 4 மில்லிகிராமுக்குத்தான் மருத்துவர் எழுதித் தர வேண்டும்" என்றேன். நம்பவில்லை. முதலாளிக்குப் போன் போட்டான். முதலாளி சாப்பிட்டுக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. நான் நின்றேன், நின்றேன், நின்றுகொண்டே இருந்தேன். பக்கத்தில் பெட்டிக்கடை. கயிற்று நுனியில் நெருப்புக் கனன்றுகொண்டிருக்கிறது. ஒருவர் வருகிறார், ஒற்றைச் சிகரெட் வாங்குகிறார், கயிற்றில் பற்றவைக்கிறார், போய்விடுகிறார். அவரிடம் யாரும் சீட்டுக் கேட்கவில்லை. பொது இடத்தில் புகைக்கக் கூடாது என்று 2008 அக்டோபர் 2-ஆம் தேதியிலிருந்து விதி நடைமுறையில் இருக்கிறது, மீறினால் 200 ரூபாய் வரை அபராதம். அந்தக் கயிற்றுக்கு அது தெரியாது போலும்.

விலைக்கு வருவோம். பத்துக் கம் கொண்ட ஓர் அட்டை நூறு ரூபாயை ஒட்டி வருகிறது. சிகரெட்டோடு ஒப்பிட்டால் மலிவுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாராசிட்டமாலை நான்கு நான்காக வெட்டித் தருகிற அதே கத்தரிக்கோல் இதற்கு மட்டும் வேலை செய்யாதாம். "முழு அட்டையாகத்தான் சார்." தினக்கூலிக்குப் போகிறவர் நூறு ரூபாயை மொத்தமாக எடுத்து வைத்துவிட்டுச் சிகரெட்டை விடுவதா, ஒற்றைச் சிகரெட்டுக்குக் கையில் உள்ள சில்லறையை நீட்டுவதா? அவர் எதை நீட்டுவார் என்று உங்களுக்கே தெரியும்.

இந்த ஒற்றைச் சிகரெட்டில் இன்னொரு வினை இருக்கிறது. பாக்கெட்டின் மேல் 85 சதவீத இடத்தில் எச்சரிக்கைப் படம் இருக்க வேண்டும், 2016-இலிருந்து அப்படி. 2018 செப்டம்பரிலிருந்து அதிலேயே ஓர் இலவச எண்ணும் அச்சாகிறது, விட நினைப்பவர்கள் அழைப்பதற்கு. நானோ வாழ்நாளெல்லாம் ஒற்றை ஒற்றையாக வாங்கியவன். என் கண்ணில் படமும் படவில்லை, எண்ணும் படவில்லை. பாக்கெட் கடைக்காரரிடமே இருந்துவிடும்.

சரி, கம்முக்கு வருகிறேன். இதைச் சாதாரணச் சூயிங்கம் மாதிரி மென்றுவிடக் கூடாது. மெதுவாக மெல்ல வேண்டும், நாக்கில் மிளகு பட்டாற்போல் சுருக்கென்று வந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்க வேண்டும். சுருக்கு அடங்கியதும் மறுபடி இரண்டு மெல்லல், மறுபடி ஒதுக்கல். இப்படி அரைமணி நேரம். நிக்கோட்டின் வாய்ச்சவ்வு வழியாகத்தான் ஏற வேண்டும், விழுங்கினால் வயிற்றில் எரிச்சலும் விக்கலும்தான் மிச்சம். எங்கள் லாரி அண்ணன் (யாரென்று பிறகு சொல்கிறேன்) முதல் நாள் இதை நறநறவென்று மென்று, விருதுநகரிலிருந்து திருமங்கலம் வரை விக்கிக்கொண்டே வந்தார்.

என்னைப் போன்றவனுக்கு இதில் ஒரு தண்டனையும் உண்டு. கம் போடுவதற்கு முந்தைய பதினைந்து நிமிடமும், அது வாயில் இருக்கும் வரையிலும் டீ, காபி, எலுமிச்சைச் சாறு எதுவும் கூடாது. வாயில் அமிலத்தன்மை ஏறினால் நிக்கோட்டின் உள்ளே போகாது. யாரிடம் சொல்கிறார்கள் பாருங்கள்! இந்தச் சேனலே டீக்கடைகளுக்காக நடக்கிறது. சிகரெட் இல்லாத டீயா என்று பழைய காணொளிகளில் நானே வீரம் பேசியிருக்கிறேன். இப்போது டீக்கு ஒரு நேரம், கம்முக்கு ஒரு நேரம் என்று பஞ்சாங்கம் பார்த்து வாழ்கிறேன்.

அட, முக்கியமானதை விட்டுவிட்டேன். சிகிச்சை நடந்தபோது நான் கம் போடவில்லை. வாயெல்லாம் புண், எச்சில் வற்றிப்போயிருந்தது, எதை மெல்வது? அப்போது தோளில் ஒட்டுகிற நிக்கோட்டின் பட்டைதான். புண் ஆறி, மருத்துவர் சரி என்ற பிறகுதான் இது. உங்களுக்கு எது பொருந்தும் என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். நான் டீ ருசி பார்க்கிறவன், வைத்தியன் இல்லை.

லாரி அண்ணன் யார் என்று புதியவர்களுக்குச் சொல்ல வேண்டும். கதிர்வீச்சு அறைக்கு வெளியே ஒரு நீளப் பெஞ்சு. வாரம் ஐந்து நாள், ஏழு வாரம், தினமும் அதில்தான் காத்திருப்பு. உள்ளே போனால் முகத்தின் மேல் வலைபோட்ட முகமூடியை வைத்து மேசையோடு பூட்டிவிடுவார்கள், தலை அசையக் கூடாது என்பதற்காக. வெந்நீரில் இளக்கி நம் முகத்துக்கே வார்த்தெடுத்தது. உள்ளே இருக்கும் சில நிமிடம் உலகத்தில் யாரும் இல்லை. வெளியே வந்தால் பெஞ்சு. அங்கே சேர்ந்தவர்கள்தான் லாரி அண்ணன், பீடி சுற்றும் ஊரான முக்கூடலிலிருந்து வந்த தாத்தா, கணக்கு வாத்தியார், டீச்சரம்மா. டீச்சரம்மா வாழ்நாளில் புகைத்ததே இல்லை, மார்பகப் புற்றுநோய். எங்களில் கண்டிப்பு மிகுந்தவரும் அவர்தான்.

வாத்தியாருக்குக் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். உள்ளே பொருத்திய குரல் கருவியால், கழுத்துத் துளையை விரலால் மூடித்தான் பேசுவார். ஒரு மூச்சுக்கு நான்கைந்து சொல் வரும். அதனால் வீண் பேச்சே கிடையாது, எங்களுக்கெல்லாம் நேர்மாறு. குரல் கருவி என்றதும் நினைவு வருகிறது: பெங்களூரு மருத்துவர் விஷால் ராவ், தாம் உருவாக்கிய 'ஓம்' என்ற கருவியை ஏறக்குறைய 50 ரூபாய்க்குத் தரலாம் என்று காட்டினார். வெளிநாட்டுக் கருவிகள் ஆயிரக்கணக்கில் விற்கும்போது! வாத்தியாருக்கு இருப்பது வேறு வகை, ஆனாலும் அந்தச் செய்தித்தாள் துண்டைச் சட்டைப்பையில் வைத்திருக்கிறார்.

இந்தப் பெஞ்சில்தான் நான் முதன்முதலாக உண்மை பேசினேன். வீட்டில் எல்லோரும் நான் நோய் தெரிந்த அன்றே விட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். மருத்துவரும் அப்படித்தான் எழுதிவைத்திருந்தார். புற்றுநோயோடு புகைக்கிறவனுக்குப் பெரிய வேலை புகைப்பது இல்லை, மறைப்பதுதான். சட்டையை மாற்று, கொய்யா இலையை மெல், மனைவி கிட்டே வந்தால் தள்ளி நில். பெஞ்சில் தாத்தா ஒருநாள் என்னை மோந்து பார்த்துவிட்டு, "நானும் காலையில் ரெண்டு இழுத்தேன்பா" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு எதை மறைப்பது, யாருக்கு மறைப்பது?

அங்கே உருவானதுதான் 'பெஞ்சு' வாட்ஸ்அப் குழு. விதி ஒன்றே ஒன்று. புகைக்கத் தோன்றினால் ஒரு புள்ளி அனுப்ப வேண்டும். வெறும் முற்றுப்புள்ளி. விளக்கம் வேண்டாம். பார்த்தவர் உடனே அழைக்க வேண்டும், நோயைத் தவிர எதைப் பற்றியும் பேசலாம். அந்த உந்துதல் சில நிமிடங்களில் தானாகத் தணிந்துவிடும், அதுவரை ஆளைப் பிடித்து வைப்பதுதான் வேலை. லாரி அண்ணன் அழைத்தால் நாக்பூர் நெடுஞ்சாலையில் எந்த தாபாவில் ரொட்டி நன்றாக இருக்கும் என்று ஊர் ஊராகச் சொல்வார். டீச்சரம்மா ஒன்பதாம் வகுப்பு விடைத்தாள் வாசிப்பார். சிரித்தே செத்துவிடுவோம். முதல் வாரம்தான் கடுமை. தூக்கம் வராது, யாரைப் பார்த்தாலும் எரிந்துவிழத் தோன்றும். மூன்று, நான்கு வாரத்தில் படிப்படியாகத் தணிகிறது.

அண்ணன் ஒருமுறை வழுக்கி, மறுபடி புகைத்துவிட்டார். ஸ்கேன் முடிவுக்குக் காத்திருந்த வாரம், பெங்களூரு போகும் வழியில், தொப்பூர் கணவாய் ஏறும்போது. குழுவில் அவரே எழுதினார். நான் ஆறுதல் சொல்ல வாய் எடுப்பதற்குள் தாத்தா கேட்டார்: "எத்தனை?" "ரெண்டு." "மூணாவது இல்லையே, சரி, பீடிக்கட்டைத் தூக்கிப் போட்டுட்டு வண்டியை எடு." எந்த ஆலோசகரும் இப்படிச் சொல்லியிருக்க மாட்டார். சொன்னாலும் அண்ணன் கேட்டிருக்க மாட்டார்.

இப்போது என் இரண்டாவது கோபம். அண்மையில் ஒரு புதுமனை விழாவுக்குப் போனேன். சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தால் ஒரு பெரியவர் பாக்கெட்டை நீட்டுகிறார். "வந்தது வந்துவிட்டது மாப்பிள்ளை, இனி விட்டு என்ன ஆகப் போகிறது?" இந்த வாக்கியத்தை நான் வெறுக்கிறேன். புதினாவைவிட, பானைவிட வெறுக்கிறேன். என்ன ஆகப் போகிறது என்றால் நிறைய ஆகிறது. கதிர்வீச்சு நன்றாக வேலை செய்யக் கட்டிக்கு ஆக்சிஜன் போய்ச் சேர வேண்டும். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அறுவைப் புண் ஆறுவது தாமதமாகிறது. எர்லோட்டினிப், இரினோட்டிகான் போன்ற சில புற்றுநோய் மருந்துகளைப் புகைப்பவர் உடல் வேகமாகக் கழித்துவிடுகிறது, மருந்து வேலை செய்ய நேரம் கிடைப்பதில்லை. புற்றுநோய்க்குப் பிறகும் புகைப்பது இறப்பையும் இரண்டாவது புற்றுநோயையும் கூட்டுகிறது என்று 2014-இல் அமெரிக்கத் தலைமை மருத்துவரின் அறிக்கையே சொல்லிவிட்டது. இவ்வளவும் அந்தப் பெரியவரிடம் சொன்னேன். பாதியிலேயே பாயசம் வாங்கப் போய்விட்டார்.

ஒரு வெற்றியையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் தாத்தா கோபித்துக்கொள்வார். போன வாரம் புகையிலை நிறுத்த ஆலோசனைக்கு எல்லோரும் சேர்ந்து போனோம். அங்கே ஒரு கருவி. மூச்சை அடக்கி, பிறகு மெதுவாக ஊத வேண்டும், உள்ளே எவ்வளவு கார்பன் மோனாக்சைடு என்று எண் காட்டும். பத்துக்கு மேல் போனால் புகைப்பவர் என்று கணக்கு. எனக்கு 2! இரண்டு! படம் எடுத்து வைத்திருக்கிறேன், இதோ, பாருங்கள், கொஞ்சம் மங்கல்தான், என் கை நடுங்கியது. அண்ணனுக்கு 3. நான் முதல், அவர் இரண்டாவது, இதை அவர் இன்னும் ஏற்கவில்லை.

தாத்தாவுக்கு 9. எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தோம். டீச்சரம்மாவின் பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தாத்தா தன் பேரன் மேல் சத்தியம் செய்கிறார், இழுக்கவில்லை என்று. ஆலோசகர் நிதானமாக, "வீட்டில் எதில் சமையல்?" என்று கேட்டார். விறகடுப்பு. சிலிண்டர் தீர்ந்து நாலு நாளாம், அடுப்பூதியதும் தாத்தாவேதானாம். ஊதுவதும் நிற்கவில்லை என்று வாத்தியார் விரலை வைத்துச் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்துக்கு அறையே சிரித்தது.

இப்படிப்பட்ட இடங்கள் பலருக்குத் தெரிவதே இல்லை. 2002-இல் நாட்டில் முதன்முதலாகப் புகையிலை நிறுத்த மையங்கள் 13 தொடங்கியபோது அவற்றில் அடையாறு புற்றுநோய் நிறுவனமும் ஒன்று. 1954-இல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அதே நிறுவனம்தான். உங்கள் மருத்துவமனையிலும் இருக்கலாம், கேளுங்கள். கேட்க வெட்கமாக இருந்தால் வீட்டிலிருந்தே அழைக்கலாம். அந்த இலவச எண், சொல்லாமலே போய்விட்டேன் பாருங்கள்: 1800-11-2356. தமிழிலும் பேசுவார்கள், பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் என்ற மனநல மருத்துவமனையின் மையத்திலிருந்து.

நோயாளிக்குத் துணையாக இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சட்டைப்பையைச் சோதிக்காதீர்கள். நாங்கள் வேறு பை கண்டுபிடிப்போம். அவர் புகைத்ததாகச் சொன்னால் எத்தனை என்று மட்டும் கேளுங்கள்.

பேட்டரி சிவப்புக் காட்டுகிறது. பதினைந்து நிமிடமும் ஆகிவிட்டது, நான் இந்தக் கம்மைப் பிரிக்கிறேன். வருகிறேன்.