சாப்ளின் வீட்டாரைப் பேரேடுகளில் தேடுவது எப்படி?

வணக்கம். தென் லண்டனின் கென்னிங்டன் பகுதியில், ரென்ஃப்ரூ சாலைக்கு அருகிலிருந்து பேசுகிறேன். எனக்குப் பின்னால் தெரியும் செங்கல் கட்டடத்தில் இன்று ஒரு திரைப்பட அருங்காட்சியகம் இயங்குகிறது. ஆனால் 1898இல் இது லாம்பெத் வொர்க்ஹவுஸைச் சேர்ந்த கட்டடம். கதியற்று வந்தவர்களுக்குக் கூரையும் கஞ்சியும் கொடுத்து, அதற்கு ஈடாக வேலை வாங்கி, கணவனையும் மனைவியையும் பிள்ளைகளையும் தனித்தனியே பிரித்து வைத்த இடங்களுக்கு வொர்க்ஹவுஸ் என்று பெயர். 1834ஆம் ஆண்டின் ஏழையர் சட்டத்திற்குப் பிறகு இங்கிலாந்து முழுவதும் இவை பெருகின. அந்த 1898 ஜூலையில் இங்கே வந்து சேர்ந்தவர்களில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனும், அவனுடைய அண்ணனும், தாயும் இருந்தார்கள். அந்தச் சிறுவன் சார்லஸ் சாப்ளின்.

இங்கிலாந்தில் வாழும் நேயர்கள் சிலர், தம் மருமகன் அல்லது மருமகள் வழியில் குடும்பத்துக்குள் வந்த ஆங்கிலேய முன்னோர்களைப் பற்றிக் கேட்டு எழுதுகிறீர்கள். "அவர்கள் பிரபுக்கள் அல்லர், ஆலையிலும் துறைமுகத்திலும் உழைத்தவர்கள். நிலமும் இல்லை, உயிலும் இல்லை. எங்கிருந்து தொடங்குவது?" என்பதுதான் பெரும்பாலான மடல்களின் சாரம். உங்கள் வீட்டு முன்னோரின் பெயரைப் பொதுவெளியில் பேசுவது முறையாகாது என்பதால், பதிவேடுகள் ஏற்கெனவே நன்கு ஆராயப்பட்ட ஓர் உழைக்கும் குடும்பத்தை எடுத்துக்கொள்கிறேன். தொப்பியும் கைத்தடியுமாக நமக்கெல்லாம் தெரிந்த மனிதரின் குடும்பம் அது. பேரேடுகளுக்குள் போய்விட்டால் அவரும் ஒரு செருப்புத் தொழிலாளியின் பேரன்தான்.

எடுத்த எடுப்பிலேயே ஒரு முட்டுச் சந்து. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பு, இறப்பு, திருமணங்களை அரசே பதிவு செய்வது 1837 ஜூலை 1ஆம் தேதி தொடங்கியது. பிள்ளை பிறந்தால் 42 நாட்களுக்குள் பெற்றோர் பதிவு செய்ய வேண்டும் என்ற கடமையும், தவறினால் அபராதமும் 1870களின் நடுவில் உறுதியாயின. ஆகவே 1889இல் லண்டனில் பிறந்த ஒருவருக்குப் பிறப்புச் சான்று கட்டாயம் இருக்கும் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். சாப்ளினுக்கு இல்லை. 1952இல் அமெரிக்க உளவுத்துறை கேட்டுக்கொண்டதன்பேரில் பிரித்தானியாவின் எம்.ஐ.5 அமைப்பே தேடிப் பார்த்தது. அவருடைய உண்மைப் பெயர் இஸ்ரேல் தார்ன்ஸ்டைன் என்று அமெரிக்கர்களுக்கு எங்கிருந்தோ ஒரு சந்தேகம் எழுந்திருந்ததால் அந்தப் பெயரிலும் தேடினார்கள். இரண்டு பெயரிலும் பதிவு அகப்படவில்லை. 2012இல் தேசிய ஆவணக் காப்பகம் வெளியிட்ட கோப்புகளில் இந்தத் தேடல் முழுவதையும் படிக்கலாம். உளவுத்துறைக்கே கிடைக்காத சான்று தமக்குக் கிடைக்கவில்லையே என்று எந்த நேயரும் இனி மனம் சோர வேண்டியதில்லை.

இந்த இடத்தில்தான் பலர் தேடலைக் கைவிடுகிறார்கள், அல்லது கட்டுக்கதைக்குள் இறங்கிவிடுகிறார்கள். சாப்ளின் பர்மிங்காமுக்கு அருகே ஸ்மெத்விக்கில், நாடோடிகளின் வண்டி ஒன்றில் பிறந்தார் என்று கூறும் ஒரு கடிதத்தை அவர் தம் மேசை இழுப்பறையில் பூட்டி வைத்திருந்தார் என்பது 2011இல் செய்தியாயிற்று. அவர் அதைப் பத்திரப்படுத்தியது சிந்திக்கத்தக்கதுதான். ஆனாலும் பிறப்புக்கு எண்பது ஆண்டுகள் கழித்து எழுதப்பட்ட ஒரு கடிதத்தை, அந்த நேரத்திலேயே அச்சான ஒரு வரிக்கு மேலாக வைக்க என் மனம் இடம் தரவில்லை. அப்படி ஒரு வரி இருக்கிறது. பாட்டும் நகைச்சுவையும் மேடையேறிய இசைக்கூடங்களின் தொழில் இதழான 'தி மேக்னட்', 1889 மே 11ஆம் தேதி இதழில், மேடைப் பாடகர் சார்லஸ் சாப்ளினின், அதாவது அதே பெயர் கொண்ட தந்தையின், மனைவி லில்லி ஹார்லிக்குச் சென்ற மாதம் 15ஆம் தேதி ஆண் குழந்தை பிறந்ததாகச் சொல்கிறது. சாப்ளின் தம் தன்வரலாற்றிலோ 16ஆம் தேதி இரவு எட்டு மணிக்கு, வால்வொர்த்தின் ஈஸ்ட் லேன் தெருவில் பிறந்ததாக எழுதுகிறார். ஒரு நாள் வேறுபாடு எனக்கு உறுத்தவில்லை. முன்னோர் தேடலில் இரண்டு ஆண்டு வேறுபாட்டைக்கூடப் பொறுத்துக்கொள்ளப் பழக வேண்டியிருக்கிறது. நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு. அரசுப் பதிவில் இல்லாதவர், தந்தையின் தொழிலைச் சார்ந்த ஓர் இதழில் இருக்கிறார். உங்கள் முன்னோர் என்ன தொழில் செய்தார் என்பதை முதலில் கண்டுபிடியுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

பிள்ளையின் பதிவு கிடைக்காதபோது பெற்றோரின் பதிவுக்குப் போக வேண்டும். இந்தப் பெற்றோரின் திருமணம் 1885 ஜூன் 22ஆம் தேதி, வால்வொர்த்தில் லார்கம் தெருவிலுள்ள புனித யோவான் தேவாலயத்தில் நடந்தது. 1837க்குப் பிந்தைய ஆங்கிலேயத் திருமணப் பதிவில் மணமக்களின் வயது, தொழில், முகவரி ஆகியவற்றோடு இருவருடைய தந்தையரின் பெயரும் தொழிலும் எழுதப்படும் என்பதால், ஒரே தாளில் இரண்டு தலைமுறையை நாம் பிடித்துவிடலாம். தாயாரின் பெயர் மட்டும் இராது. பெற்றவளின் பெயரைத் திருமணப் பதிவில் சேர்க்க அந்த நாட்டுக்கு 2021 மே மாதம் வரை ஆகியிருக்கிறது! அதனால் பெண்வழி முன்னோரைத் தேடுகிறவர்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் பிறப்புப் பதிவுக்குத் திரும்பிப் போக வேண்டியிருக்கிறது. அங்கேதான் தாயின் பிறந்த வீட்டுப் பெயர் இருக்கும்.

மணமகள் லில்லி ஹார்லியின் இயற்பெயர் ஹன்னா ஹில். 1865 ஆகஸ்ட் 6ஆம் தேதி வால்வொர்த்தில் பிறந்தவர். தந்தை சார்லஸ் ஹில் செருப்புத் தொழிலாளி. மேடைப் பெயரைக் கொண்டு பதிவேட்டைத் தேடினால் இந்தப் பெண்ணை ஒருநாளும் காண முடியாது. அவருடைய மூத்த மகன் சிட்னியின் பதிவில் இன்னொரு சிக்கல். சிட்னி பிறந்தது 1885 மார்ச் 16ஆம் தேதி, அதாவது திருமணத்துக்கு மூன்று மாதம் முன்பு. பதிவில் அவன் சிட்னி ஜான் ஹில். பின்னாளில் அவன் சாப்ளின் என்றே அறியப்பட்டான் என்பதால், சாப்ளின் என்று மட்டும் தேடுகிற ஒருவர், அண்ணனுக்கும் பிறப்புப் பதிவு இல்லை என்று தவறாக முடிவு கட்டியிருப்பார். ஒரு பிள்ளை கிடைக்கவில்லை என்றால் தாயின் பிறந்த வீட்டுப் பெயரில் தேடிப் பாருங்கள். பொதுப் பதிவு அலுவலகத்தின் இணைய அட்டவணையில் தாயின் பிறந்த வீட்டுப் பெயரையும் கொடுத்துத் தேட முடியும் என்பதால், முன்பு மாதக்கணக்கில் நடந்த வேலை இப்போது ஒரு மாலைப்பொழுதில் முடிகிறது. நானே ஒருமுறை அவசரப்பட்டு, பெயர் ஒத்துப்போகிறதே என்று வேறு யாருடைய சான்றையோ விலை கொடுத்து வாங்கியிருக்கிறேன். தாயின் பெயரைச் சரிபார்க்காததன் பலன் அது.

தந்தை வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சார்லஸ் சாப்ளின் மூத்தவர் 1863 மார்ச் 18ஆம் தேதி மேரில்போனில் பிறந்தார். அவருடைய தந்தை ஸ்பென்சர் சாப்ளின் இறைச்சிக் கடைத் தொழில் செய்தவர், சஃபோக் மாவட்டத்திலிருந்து லண்டனுக்கு வந்தவர். இதற்கு மேலே போனால் 1837க்கு முந்தைய காலம் என்பதால் 1538இல் தொடங்கிய தேவாலயப் பதிவேடுகளைத்தான் நம்ப வேண்டும். அங்கே ஷாட்ராக் என்ற விவிலியப் பெயர் இந்தக் குடும்பத்தில் அடுத்தடுத்து வருகிறது. ஜான், வில்லியம் என்று ஊரெல்லாம் ஒரே பெயர் வைத்த காலத்தில் இத்தகைய அரிய பெயர் கிடைப்பது பெரும் பேறு.

அடுத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 1841 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை வீடு வீடாகப் பெயர் எழுதியிருக்கிறார்கள். நூறு ஆண்டுகள் கழித்தே திறக்கிறார்கள். 1921இன் ஏடுகள் 2022 ஜனவரியில் வெளிவந்தன. 1931இன் ஏடுகள் 1942இல் தீயில் அழிந்துவிட்டன. 1941இல் போரின் காரணமாகக் கணக்கெடுப்பே நடக்கவில்லை. ஆகவே 1921க்குப் பிறகு 1939 செப்டம்பரில் எடுத்த போர்க்காலப் பதிவேடு ஒன்றுதான் துணை. சாப்ளின் குடும்பத்தை 1891இன் ஏட்டில் பார்த்தால், வால்வொர்த்தின் பார்லோ தெருவில் ஹன்னா இரண்டு மகன்களோடு இருக்கிறார், தொழில், பாடகி. கணவர் அந்த வீட்டில் இல்லை. ஒரு குடும்பம் உடைந்ததைக் கணக்கெடுப்பாளர் தம்மையறியாமல் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். 1901இன் ஏட்டில் சார்லி தாயோடு இல்லை. லங்காஷயர் சிறுவர்களின் மரக்காலணி நடனக் குழுவை நடத்திய ஜாக்சன் குடும்பத்தோடு ஃபெர்ன்டேல் சாலையில் இருக்கிறான். பன்னிரண்டு வயதைக்கூட எட்டாத பிள்ளைக்குத் தொழில் என்ற கட்டத்தில் இசைக்கூடக் கலைஞர் என்று எழுதியிருக்கிறது.

இந்த இரண்டு ஏடுகளுக்கும் இடையிலுள்ள பத்து ஆண்டுகளை நிரப்புவது எது? என் பின்னால் இருக்கும் இந்தக் கட்டடமும் இதைப் போன்றவையும்தான். ஏழைகளைப் பற்றி ஏழைகள் எழுதி வைத்தது மிகக் குறைவு. அவர்களுக்காக ஊர்ப்பணத்தில் ஒரு ஷில்லிங் செலவானபோதெல்லாம் ஓர் எழுத்தர் பேனாவை எடுத்திருக்கிறார். ஒவ்வொரு வட்டாரத்திலும் கார்டியன்கள் என்று அழைக்கப்பட்ட குழுவினர் வரிப்பணத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டியிருந்ததால், யார் எப்போது உள்ளே வந்தார்கள், எந்த நிலையில் வந்தார்கள், யார் பொறுப்பு, எப்போது வெளியே போனார்கள் என்று நாள்வாரியாக எழுதி வைத்தார்கள். அந்தப் பேரேடுகள் இன்று லண்டன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

அவற்றைக் கோத்துப் பார்த்தால் சாப்ளினின் பிள்ளைப் பருவம் தேதி தேதியாகத் தெரிகிறது. 1896 ஜூனில் இரண்டு சிறுவர்களும் லண்டனுக்கு மேற்கே ஹான்வெல்லில் இருந்த ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கு அனுப்பப்படுகிறார்கள். சில மாதங்களில் சிட்னி எக்ஸ்மவுத் என்ற பயிற்சிக் கப்பலுக்குப் போகிறான். ஏழு வயதுத் தம்பி தனியே, 1898 ஜனவரி வரை ஹான்வெல்லில். இதற்கிடையே கார்டியன்கள் தந்தையைத் துரத்துகிறார்கள். பிள்ளைகளின் பராமரிப்புக்கு வாரம் 15 ஷில்லிங் தர வேண்டிய அவர் தரவில்லை என்று பிடியாணை வரை போகிறது. எந்தக் குடும்பக் கதையிலும் மறைக்கப்படுகிற இந்தச் செய்தியை, கடன் வசூலிக்க வேண்டியவர்கள் துளியும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். உங்கள் வீட்டு முன்னோர் ஒருவர் திடீரென்று ஏடுகளிலிருந்து காணாமற்போனால், அவர் இறந்துவிட்டார் என்று எண்ணுமுன் கார்டியன் குழுவின் கூட்டக் குறிப்புகளைப் புரட்டிப் பாருங்கள்.

1898 ஜூலை 22ஆம் தேதி தாயும் பிள்ளைகளும் லாம்பெத் வொர்க்ஹவுஸில் சேர்கிறார்கள். ஒரு வாரத்தில் பிள்ளைகள் நார்வுட் பள்ளிக்கு மாற்றப்படுகிறார்கள். ஆகஸ்ட் 12ஆம் தேதி மூவரும் வெளியேறியதாகப் பதிவு. மறுபடியும் உடனே உள்ளே சேர்ந்ததாக இன்னொரு பதிவு. பேரேட்டை மட்டும் பார்ப்பவருக்கு இது எழுத்தரின் பிழையாகத் தோன்றும். நடந்தது என்னவென்றால், பிள்ளைகளோடு ஒரு பகல் கழிக்க வேண்டும் என்பதற்காக ஹன்னா, விதியின்படி மூவருக்கும் விடுதலை கேட்டு வாங்கி, கென்னிங்டன் பூங்காவில் அவர்களோடு இருந்துவிட்டு மறுபடியும் இங்கே வந்து சேர்ந்திருக்கிறார். சாப்ளின் இந்த நாளைத் தம் நினைவிலிருந்து எழுதினார். பேரேடு அதே நாளைத் தேதியோடு உறுதிப்படுத்துகிறது. அடுத்த மாதமே ஹன்னா கேன் ஹில் மனநோய் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். அவருடைய தாயும் 1893இல் பான்ஸ்டெட்டிலிருந்த அத்தகைய மருத்துவமனைக்குத்தான் போயிருந்தார். சார்லியின் தந்தை சார்லஸ் 1901 மே 9ஆம் தேதி, குடியால் ஈரல் கெட்டு, புனித தாமஸ் மருத்துவமனையில் இறந்தார். வயது 38.

எஞ்சியிருப்பது ஒரே ஒரு தாள். 1903 மே மாதம் ஹன்னாவின் மனநிலை மீண்டும் பிறழ்ந்தது. ஒருவரை மனநோய் மருத்துவமனையில் சேர்க்க அன்றைய சட்டப்படி மருத்துவரின் சான்று வேண்டும். அதில் மருத்துவர் தாமே கண்டதோடு, உடனிருந்தவர் சொன்னதையும் பெயரோடு எழுத வேண்டும். ஹன்னாவின் சான்றில் உடனிருந்து சொன்னவராகக் குறிக்கப்பட்டிருப்பவர் சார்லஸ் சாப்ளின், மகன், முகவரி 3 பவ்னால் டெரஸ். இறந்துபோனவர்களைப் பற்றித் தாய் ஓயாமல் பேசுகிறாள், அவர்கள் ஜன்னல் வழியே பார்ப்பதாக நினைக்கிறாள் என்று பதினான்கு வயதுப் பையன் மருத்துவரிடம் சொல்லியிருக்கிறான். பிறப்புச் சான்று இல்லாத ஒருவருக்கு இன்னார் தாய் என்று காட்டுகிற அரசுத் தாள் ஒன்று வேண்டுமானால், அது இதுதான். 'மகன்' என்ற அந்த ஒரு சொல் இங்கே இருக்கிறது.

தாயை அங்கே விட்டுவிட்டு அவன் பவ்னால் டெரஸ் வீட்டுக்குத் தனியே திரும்பினான். சிட்னி கப்பல் வேலையில் கடலில் இருந்தான். அண்ணன் திரும்பி வரும்வரை அவன் எதை உண்டான், எங்கே திரிந்தான் என்பதை அவனே பின்னாளில் எழுதியதிலிருந்துதான் அறிகிறோம். அந்தச் சில நாட்களில் அவன் ஊர்ப்பணச் செலவில் இருக்கவில்லை.